இவர்களுக்கு யார் அரைப்பேர் போடுவது?

என் செல்ல அப்பாவுக்கு,

நீங்கள் இருக்கும் இடத்தில் இவ்வளவு குளிர் இருக்காது என்று நினைத்துக்கொள்கிறேன். இங்கே மலைநாட்டில், டயகமப் பக்கம் காலையில் பனி மூட்டம் விலகவே மாட்டேன் என்கிறது. லயத்து வீட்டு வரிசைக்குப் பின்னால் நீங்கள் நட்டுவிட்டுப் போன பேரிக்காய் மரம் இந்த வருடம்தான் முதல் தடவையாகக் காய்த்தது. கடித்தால் பல் வலிக்கிறது. "உங்கப்பா மாதிரியேதான், வெளியில மட்டும் கரடு" என்று அம்மா சொல்லிவிட்டு ஒரு காயை மடியில் கட்டிக்கொண்டு தேயிலை மலைக்குப் போனார்.

நான் சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கிறேன். தமிழும் வரலாறும் நன்றாக வரும். சிங்களம் இன்னும் நன்றாக வரும். அந்தச் சிங்களத்தைப் பற்றித்தான் இந்தக் கடிதம். உங்களிடம் சொல்ல வெட்கமாக இருக்கிறது. சொல்லாமல் இருந்தால் இன்னும் வெட்கமாக இருக்கும்.

அந்த 2019 ஈஸ்டர் ஞாயிற்றுக்கிழமை நீங்கள் வேலை செய்த கொழும்புத் துணிக்கடை பூட்டியிருந்தது. நாம் மாரியம்மனைக் கும்பிடுகிறவர்கள். ஆனாலும் நீங்கள் தேவாலயத்துக்குப் போனீர்கள். "பாப்பாவுக்காக ஒரு மெழுகுதிரி கொளுத்திட்டு வந்து போன்ல கோல் எடுக்கிறேன்" என்று அம்மாவிடம் சொன்னீர்களாம். கோல் வரவில்லை. மத்தியானம் டீவியில் புகையும் இரத்தமும்தான் வந்தன.

தேவாலயங்களில் குண்டை வெடிக்க வைத்தவர்கள் அங்கேயே செத்துப்போனார்கள். அவர்களுக்குப் பின்னால் இருந்தது யார்? இப்படி நடக்கப்போகிறது என்று முன்கூட்டியே தகவல் வந்திருந்ததாகப் பேப்பர்கள் எழுதின. அப்படியென்றால் உங்களை வாசலில் நிறுத்தி, "இன்றைக்கு வேண்டாம், வீட்டுக்குப் போங்கள்" என்று சொல்ல ஏன் ஒருவரும் இல்லை? ஒவ்வொரு தேர்தலிலும் "நாங்கள் வந்தால் உண்மையைக் கண்டுபிடிப்போம்" என்றார்கள். வந்தார்கள், போனார்கள், வேறு ஆட்கள் வந்தார்கள். "விசாரணை தொடர்கிறது" என்ற வரியை நான் மூன்றாம் தர வகுப்பில் எழுத்துக்கூட்டிப் படித்தேன். இப்போது அதே வரியை மூச்சுவிடாமல் படிக்கிறேன். நான் பார்த்தவரை அது ஒன்றுதான் முன்னேற்றம்.

போன மாதம் கிராம சேவகர் மறுபடியும் சொல்லி அனுப்பினார். கொழும்பிலிருந்து புது அதிகாரி ஒருவர் வந்திருக்கிறாராம், ஹட்டனில் வாக்குமூலம் எடுக்கிறாராம், முதலிலிருந்து எல்லாவற்றையும் சொல்ல வேண்டுமாம். அம்மா வெள்ளைச் சேலையை எடுத்துக் கட்டினார். பக்கத்துக் காம்பரா வீட்டுக் கமலா அத்தை வாசலில் நின்று கத்தினார்.

"என்னா மச்சி, இந்தத் தடவையாச்சும் ஏதாச்சும் சொல்லுவாங்களா, இல்ல போன தடவை மாதிரி பருப்புப் பார்சல்தானா?"

"பருப்புன்னா ஒனக்கும் ஒரு கொத்து உண்டு. இப்ப வாயை மூடு."

அம்மாவுக்கு அன்றைக்குப் பேர் இல்லாமல் போயிற்று. உங்களுக்குத் தெரியும் அப்பா, இதைப் படிக்கிற வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்குக் கணக்கில் விழுவதுதான் பேர். சொன்ன அளவு தேயிலைக் கொழுந்து வராவிட்டால் அரைப்பேர். மழை பெய்தது, அட்டை கடித்தது என்பதையெல்லாம் தராசு கேட்காது.

அந்த அதிகாரி கெட்டவர் இல்லை. அம்மாவுக்குத் தானே நாற்காலியை இழுத்துப் போட்டார். தமிழ் மொழிபெயர்ப்பாளர் வரவில்லை என்று சங்கடப்பட்டார். வகுப்பில் கேள்வி கேட்டதும் கை தூக்குகிற பழக்கம் எனக்கு. "நான் சொல்கிறேன் சேர்" என்று சிங்களத்தில் சொல்லி எழுந்து நின்றேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. "எவ்வளவு அழகாகப் பேசுகிறாய் துவ" என்றார். மகளே என்று அர்த்தம். அப்பா, எனக்கு அப்போது பெருமையாக இருந்தது.

கேள்விகள் எல்லாம் பழையவை. கடைசியாக எப்போது பேசினார்? யாரோடு போனார்? என்ன சட்டை போட்டிருந்தார்? "நீலக் கோடு போட்ட சட்டை" என்றார் அம்மா. நான் சிங்களத்தில் சொன்னேன். கடைசியில் அவர், அரசாங்கத்திடம் என்ன எதிர்பார்க்கிறீர்கள் என்று கேட்டார்.

அம்மா கைப்பையை மடியிலிருந்து எடுத்து மேசையில் வைத்தார்.

"கேளு பாப்பா. தெரிஞ்சிருந்தும் ஏன் சொல்லாம இருந்தாங்கன்னு கேளு. நாங்க வர்ற நேரமெல்லாம் அதே சட்டை கலரைச் சொல்லிட்டுப் போறோம், அவங்க எங்களுக்கு என்னாத்தச் சொன்னாங்கன்னு கேளு. கொழுந்து கொறைஞ்சா எனக்கு அரைப்பேரு. வேலையே செய்யாத இவங்களுக்கு யாரு அரைப்பேரு போடுறது? அதையும் கேளு!"

அம்மாவின் குரல் மலையில் ஒரு நிரையிலிருந்து அடுத்த நிரைக்குக் கூப்பிடுகிற குரல். வெளியே வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். யாரோ சிரித்தார்கள். எனக்குக் காது சுட்டது. கொழுந்துக் கறை படிந்த அம்மாவின் விரல்கள் அந்த மேசையின் கண்ணாடியைத் தட்டிக்கொண்டே இருந்தன. அதை அந்த அதிகாரி பார்க்கக்கூடாது என்று நினைத்தேன்.

நான் சிங்களத்தில் சொன்னது இதுதான்: "விசாரணை சீக்கிரம் முடிந்தால் நல்லது என்று அம்மா சொல்கிறார். உங்களுக்கு நன்றியும் சொல்கிறார்."

ஒரு பிழை இல்லாத வாக்கியம். அவர் தலையாட்டிக்கொண்டே எழுதினார். பக்கத்தில் இருந்த எழுதுவினைஞரிடம், "இந்தத் தோட்டத்துச் சனங்களுக்குத்தான் எவ்வளவு பொறுமை" என்றார். அம்மா கையெழுத்துப் போட்டார்.

ஹட்டன் பஸ் ஸ்டாண்டில் அம்மா எனக்கு ஒரு இனிப்புப் பனிஸ் வாங்கிக் கொடுத்தார். நான் பாதி தின்றுவிட்டேன். பிறகு சாதாரணமாகக் கேட்டார்.

"நான் எப்ப நன்றி சொன்னேன்?"

மீதிப் பனிஸைக் கடதாசியில் சுற்றினேன்.

"சிங்களப் பொம்பளைங்களோட ஒரே நிரையில கொழுந்து எடுக்குறவ நான். பேச வராட்டியும் கேட்டா வெளங்காதா?"

"அப்ப அங்கேயே ஏம்மா சொல்லல?"

"என்னான்னு சொல்ல? எம் மக பொய் சொல்றான்னா?" அம்மா பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்த்தார். "நானும் ஒண்ணும் பெருசாக் கேட்டுக் கிழிச்சவ இல்ல பாப்பா. போன தடவை மேடைக்குக் கூப்பிட்டு பருப்புப் பார்சல் குடுத்தப்ப, போட்டோக்காரன் சொன்னான்னு ரெண்டு கையையும் கூப்பிக் கும்பிட்டுட்டுத்தான் எறங்குனேன். இன்னைக்குத்தான் வாய் தொறந்துச்சு. நீ மூடிட்ட."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். பஸ்ஸில் அம்மா என் தோளில் சாய்ந்து தூங்கினார். நான் கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன்.

அதற்கடுத்த கிழமை பாடசாலை விட்டதும் தனியாக ஹட்டனுக்குப் போனேன். அந்த அறை பூட்டியிருந்தது. வாசலில் இருந்த காவல்காரரிடம், அம்மா சொன்னதில் ஒரு பகுதி விடுபட்டுவிட்டது, சேர்க்க வேண்டும் என்று சிங்களத்தில் சொன்னேன்.

"பெரிய அதிகாரி மாத்தையா எல்லாத்தையும் கட்டி எடுத்துக்கொண்டு கொழும்புக்குப் போய்விட்டார் துவ. அடுத்த விசாரணையில் சொல்லுங்கள்."

"அடுத்தது வருமா?"

"வரும், வரும்" என்று அவர் சிரித்தார். "அது மட்டும் தவறாமல் வரும்."

எனக்கும் சிரிப்பு வந்தது அப்பா. பிறகு அந்தச் சிரிப்புக்காகவும் வெட்கப்பட்டேன். தகவல் கிடைத்தும் பேசாமல் இருந்தவர்கள் என்ன நினைத்துப் பேசாமல் இருந்திருப்பார்கள்? மேலே இருக்கிறவர்கள் முகம் சுளிப்பார்கள் என்றா? யாராவது சிரிப்பார்கள் என்றா? அவர்களுடைய மௌனத்தில் உயிர்கள் போயின, என்னுடையதில் ஒரு கேள்வி போனது. இரண்டும் ஒன்றில்லை. ஆனால் அவர்களைத் திட்டித் திட்டிக் கடைசியில் நானும் அவர்களுடைய வேலையைக் கொஞ்சம் செய்து கொடுத்துவிட்டேனே என்பதுதான் என்னைத் தின்கிறது. அவர்களில் யாருக்காவது ஒரு நாளாவது காது சுட்டிருக்குமா?

அந்தக் கோப்பில் நம் வீடு பொறுமையான வீடு என்றுதான் இருக்கிறது. அதனால்தான் உங்களுக்கு எழுதுவதை எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன். அம்மா சொன்னதை மேலே அப்படியே எழுதியிருக்கிறேன். அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். "ம், இதுதான் நான் சொன்னது" என்றார்.

இப்போது அதைச் சிங்களத்தில் சொல்லிப் பழகுகிறேன். நேற்று அம்மா மலையிலிருந்து வந்து அடுப்பு மூட்டும்போது எழுந்து நின்று சொல்லிக் காட்டினேன்.

"சத்தம் பத்தாது" என்றார் அம்மா.

சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து கமலா அத்தை குரல் கொடுத்தார். "எனக்கே இம்புட்டுத் தெளிவாக் கேக்குது, இன்னும் என்னா சத்தம் வேணும்?"

"நீ பக்கத்துக் காம்பராவுல இருக்க. கொழும்பு தூரம்டி."

அப்பா, அடுத்த தடவையும் கூப்பிடுவார்கள். அம்மாவுக்கு இன்னொரு நாள் பேர் போகும். மொழிபெயர்ப்பாளர் வந்திருந்தாலும் நான் அம்மாவுக்குப் பக்கத்தில் நிற்பேன். நீலக் கோடு போட்ட சட்டை என்று அவர்கள் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுவேன், அந்தக் கேள்வியில் நேரம் போகக்கூடாது. அதற்குப் பிறகு அம்மா எந்தக் குரலில் சொல்கிறாரோ, அந்தக் குரலிலேயே நானும் கேட்பேன்.

நீங்கள் எனக்காக ஏற்றப்போன மெழுகுதிரி எரிந்ததா என்று மட்டும் எனக்குத் தெரியவில்லை.

சத்தமாகப் பேசப் பழகிக்கொண்டிருக்கும்,
உங்கள் மகள்,
பாப்பா