கண் மூடின படம்

வெள்ளிக்கிழமை, ராத்திரி

இன்னிக்கு சிலிபின் வீட்டுலேருந்து மணியத்த சவப்பெட்டியில வச்சு எடுத்துட்டாங்க. ரப்பர் தோட்டத்துல இருந்த காலத்துலேருந்தே என் கூட்டாளி. மாலை போட ஒரு நல்ல படம் இருக்கான்னு அவன் சம்சாரம் கேட்டிச்சு. நான் அந்தக் காலத்துல பிலிம்ல எடுத்ததுல மீசை முளைக்காத பையனா நிக்கிறான். நான் டிஜிட்டல் கேமரா வாங்கினதுலேருந்து, எடுத்த உடனே ஓடி வந்து திரையப் பார்ப்பான்.

"கண்ணு மூடிருச்சு மச்சான், அழிச்சிரு லா."

அழிச்சிருவேன். எப்பவும் அவனுக்குக் கண்ணு மூடிரும். ஒண்ணுகூட மிஞ்சல.

"அப்ப கடைசியா ஒண்ணு எடுங்கண்ணே"ன்னு அவன் சம்சாரம் அழுதிச்சு. பெட்டிக்கு மேல குனிஞ்சு எடுத்தேன். திரையில கேமரா கேக்குது: யாரோ கண்ண மூடிட்டாங்க, மறுபடி எடுக்கவா?

விரல் அது பாட்டுக்கு அழிக்கிற பட்டனுக்குப் போயிருச்சு. அழுத்தினேனான்னு தெரியல. கேமராவ இன்னும் தொறந்து பார்க்கல.