ஞானத்தகப்பன் மெக்லீன்

வியாழன், இரவு

“டீச்சர், எங்க தாத்தாவோட அப்பா ஸ்காட்லாந்து கேப்டன். சர்ச் ரெஜிஸ்டர்ல இருக்கும், படிச்சுச் சொல்றீங்களா?” என்று கிறிஸ்டின் மெக்லீன் போன வாரம் கேட்டாள். அவளுக்குக் கண்ணில் புரை. எனக்கோ முப்பது வருஷம் பிள்ளைகளின் கிறுக்கலைத் திருத்திய பழக்கம். சரி என்றேன்.

இன்று சாந்தோம் சர்ச்சுக்குப் போனோம். கிறிஸ்டினைக் கைத்தாங்கலாக அழைத்துவந்தது மருமகள் செல்வி. செல்வியின் அம்மா சைதாப்பேட்டையில் நாலு வீட்டுக்குச் சமைத்தவள். அதனாலேயே கிறிஸ்டின் பதினைந்து வருஷமாகச் செல்வியைச் சாப்பாட்டு மேசையில் உட்காரவிட்டதில்லை.

ஞானஸ்நானப் பதிவேட்டில் தாத்தாவின் பெயர் கிடைத்தது. வகுப்பில் படிப்பதுபோல உரக்கப் படித்தேன். தகப்பன்: முத்து, கேப்டனின் சமையற்காரர். ஞானத்தகப்பன்: கேப்டன் மெக்லீன். படித்து முடித்த பிறகுதான் எனக்கே உறைத்தது: கேப்டன் பெற்ற தகப்பன் இல்லை, ஞானஸ்நானத்துக்குத் துணை நின்று தன் பெயரைக் கொடுத்தவர்.

செல்வி சிரித்தாள். “இன்னா மம்மி, உங்க ஸ்காட்லாந்து அடுப்பாண்டதான் கீதா?” பதிவேட்டை எடுத்துக் கொடுத்த குமாஸ்தாவும் சிரித்தார்.

“அது வேற மெக்லீனா இருக்கும். அடுத்த பக்கம் பாருங்க டீச்சர்” என்றாள் கிறிஸ்டின்.

பார்த்தேன். இல்லை.

ஆட்டோவில் செல்வி விடவில்லை. “இன்னிக்கு மேசையில நான் குந்துறேன். நீங்க தட்ட எடுத்துக்கினு சமையக்கட்டுல குந்துங்க.” கிறிஸ்டின் என் முழங்கையை இறுகப் பிடித்திருந்தாள். எனக்கும் ஒரு கணம் உள்ளுக்குள் இனித்தது. அதுதான் இப்போது தூங்கவிடவில்லை.

இனி யாருக்காகப் பதிவேடு பார்த்தாலும், முதலில் முழு வரியையும் வாயை மூடிக்கொண்டு படி.