தனம் வீட்டுத் தண்ணீர்

இன்று காலை கூட்டம் நடந்த அறையில் தண்ணீர் தீர்ந்துவிட்டது. புதிய கேனைக் கொண்டுவந்து, நீல மூடியைக் கிழித்து, தலைகீழாகக் கவிழ்த்தார்கள். உள்ளே பெரிய குமிழி ஒன்று 'குளுக்' என்று மேலே ஏறியது. அந்தச் சத்தம் அடங்கட்டும் என்று பேசிக்கொண்டிருந்தவர்கள் நிறுத்தினார்கள். எனக்கு முகம் சூடேறிவிட்டது. நீ போன பிறகு வருகிற இரண்டாவது நோன்பு மாதம் இது. உன்னிடம் பேசி வெகுநாளாகிறது. இன்று பேசாமல் இருக்க முடியவில்லை.

என்ன கூட்டம் என்று சொன்னால் துள்ளிக் குதிப்பாய். கடலோரத்தில் இறால், மீன் வளர்ப்புக்கு மாவட்டம் முழுமைக்குமான திட்டம் தயாராகிறது. புதிய குட்டைகள் எங்கே வரலாம், எங்கே வரக்கூடாது, கழிவுநீரை எப்படித் தேக்கித் தெளியவைத்து விட வேண்டும், கொடுவா மீன்குஞ்சு ஆராய்ச்சிக்கு எந்த இடம் என்று எல்லாம் ஒரே வரைவில். நாம் மீன்வளத் துறையில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அனுமதியில்லாத குட்டைகளின் பின்னால் ஓடியே செருப்புத் தேய்ந்தது. "மொதல்ல ஒரு கோட்டப் போடச் சொல்லுடி, அப்புறமா நம்மளக் காவல் வெக்கட்டும்" என்று ஜீப்பில் நீ புலம்பாத நாள் இல்லை. கோடு போடும் நாள் வந்துவிட்டது. போடுகிற குழுவில் நான் இருக்கிறேன். நீ இல்லை.

அந்த வரைவில் உன்னைப் பற்றி ஒரு பத்தி இருந்தது. பெயர் போடவில்லை. பண்ணைக்குப் பக்கத்து வீடுகளில் குடிநீரைச் சுவைத்து அறியும் முறை என்று மட்டும் நான் எழுதியிருந்தேன். இப்போது சேர்ந்திருப்பவர்கள் அதை 'பாயம்மா டெஸ்ட்' என்கிறார்கள். ஊர்க்காரர்கள் உன்னைக் கூப்பிட்ட பெயர் அலுவலகத்துக்குள்ளும் வந்துவிட்டது.

அது எப்படித் தொடங்கியது என்று நினைவிருக்கிறதா? குட்டை நம் துறையுடையது, கிணறு வேறு துறையுடையது. குட்டைத் தண்ணீரின் உப்பை அளக்க நம்மிடம் மீட்டர் இருந்தது. குட்டை உப்பு ஊர்க் கிணற்றில் ஏறுகிறதா என்று பார்க்க அதைக் கிணற்றில் விட்டால் அடுத்த துறை ஏன் என்று கேட்கும். "தண்ணி குடிக்க யாருகிட்டடி பர்மிஷன் வாங்கணும்?" என்று நீதான் கேட்டாய். அன்றிலிருந்து பண்ணை வாசலில் முதலாளியின் ஆள் இளநீரைச் சீவிக்கொண்டு நிற்க, நீ அவனைத் தாண்டிப் போய் முதல் வீட்டுக் கதவைத் தட்டினாய். ஒரு சொம்பு தண்ணீர் கேட்டாய். ஆளைக் கேட்பதில் உனக்கு நம்பிக்கை இல்லை. "குட்டையில வேலை செய்றவன் உப்பே இல்லம்பான். முதலாளியோட பேசாதவன் ஊரே உப்பும்பான். தண்ணி ரெண்டு பேருக்கும் சொந்தமில்ல" என்பாய்.

முதலில் அது பலித்தது. ஒரு வீட்டில் வாயில் வைத்ததுமே உனக்குக் கண் சுருங்கியது. துப்பாமல் விழுங்கினாய். அந்தப் பண்ணையின் கழிவு வாய்க்காலைத் திருப்பும்வரை நீ ஓயவில்லை. எனக்கு உன்மேல் அவ்வளவு பெருமை. கோவளத்தில் வலைக்கடை வைத்திருந்தவரின் பெண்ணுக்கு உப்பு தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும் என்று எல்லோரிடமும் சொல்லித் திரிந்தேன். மதுராந்தகத்திலிருந்து வந்ததால் நான் உனக்கு 'ஏரிக்காரி'. ஏரித் தண்ணீர் குடித்து வளர்ந்த நாக்கு பொய் சொல்லாது என்று நோன்பு மாதத்தில் மட்டும் சுவைக்கும் வேலையை என்னிடம் கொடுத்துவிடுவாய்.

தனம் வீட்டுக்கு முதன்முதலாகப் போனதும் நோன்பு மாதத்தில்தான். பாலாற்று முகத்துவாரத்துக்கு வடக்கே, குட்டைகளுக்கும் சவுக்குத் தோப்புக்கும் நடுவில் அந்த ஊர். வெயில் மண்டையைப் பிளந்தது. வாசலில் வலைக்கு ஈயம் கோத்துக்கொண்டிருந்தவள் நம்மைக் கண்டதும் எழுந்து உள்ளே ஓடினாள். சொம்பைத் துடைத்துக்கொண்டே வந்தாள்.

"ஏரிக்காரி, இன்னிக்கு உன் நாக்குதான்" என்றாய்.

நான் முழுச் சொம்பையும் குடித்து முடித்ததும் நீ கேட்டாய்.

"எப்டி கீது?"

"நல்லா இருக்கு. இனிக்குது."

தனத்துக்கு முகமெல்லாம் சிரிப்பு. "நீங்களும் ஒரு வாய் குடிங்க மேடம், காஞ்சு போயி நிக்கிறீங்களே."

"நோம்பும்மா."

"அய்யய்யோ, பச்சத் தண்ணி கூடவா?" என்று மறுபடி உள்ளே ஓடினாள். ஒரு கலர் பாட்டிலில் தண்ணீர் பிடித்து, ஈரத்துணி சுற்றிக் கொண்டுவந்து உன் கையில் திணித்தாள். "சாயங்காலம் இத்தாலயே தொறங்க மேடம். மறந்துடாதீங்க."

திரும்பும் வழியில், நெம்மேலியில் கடல்நீரைக் குடிநீராக்கிச் சென்னைக்கு அனுப்புகிற ஆலையின் மதிலோரம் ஜீப்பை நிறுத்தினோம். நேரம் வந்ததும் அந்தப் பாட்டிலைத் திறந்து முதல் மடக்கைக் குடித்தாய். கண்ணை மூடிக்கொண்டாய். "இன்னா ருசிடி! இந்த ஊரு தண்ணிய எறா குட்டை ஒண்ணும் பண்ணல" என்றாய். அந்த ஊருக்கு உப்பு ஏறவில்லை என்று அன்று எழுதினோம். அடுத்தடுத்த வருடங்களிலும் போனோம், இருவருமே குடித்தோம், அதையே எழுதினோம். வீடுகளின் மூலையில் நீல மூடிக் கேன்கள் அடுக்கியிருந்ததையும் பார்த்தோம். "எறா காசு ஊருக்குள்ள வந்துடுச்சு பாரு" என்று நீ மகிழ்ந்தாய். நானும்தான்.

போன மாதம் திட்டத்துக்கான கருத்துக் கேட்புக்காக அந்த ஊருக்குப் போனேன். அந்தப் பக்கத்து நிலம் முழுவதும் புதிய குட்டைகளுக்கு ஏற்றது என்று வரைபடத்தில் நிறம் தீட்டியிருந்தோம். பந்தலில் நிறையப் பேசினார்கள். பெண்கள் பின்னால் உட்கார்ந்திருந்தார்கள், யாரும் அவர்களிடம் மைக்கைக் கொடுக்கவில்லை. முடிந்ததும் வழக்கம்போல் தனம் வீட்டுக்கு நடந்தேன். குட்டைக் கரையில் வழுக்கியதில் கையெல்லாம் சேறு. அவள் தண்ணீர் எடுக்க உள்ளே போன நேரத்தில் நான் பின்பக்கம் கிணற்றடிக்குப் போய் ஒரு வாளி இறைத்தேன். சோப்பைத் தேய்த்தேன். நுரைக்கவில்லை. எவ்வளவு தேய்த்தாலும் வெள்ளையாகத் திரிந்து கையில் ஒட்டியது. விரலை நாக்கில் வைத்துப் பார்த்தேன்.

"தனம், இந்தத் தண்ணியா நாங்க குடிச்சோம்?"

சொம்போடு வந்தவள் அப்படியே நின்றாள். "அத்தப் போயி யாராவது குடிப்பாங்களா மேடம்? மாடே மூஞ்சத் திருப்பிக்கும்."

"அப்போ எங்களுக்குக் குடுத்தது?"

"கேன் தண்ணி. வூட்டுக்கு வந்தவங்களுக்கு உப்புத் தண்ணியா குடுப்பாங்க? ஜீப்பு சத்தம் கேட்டா சொம்பக் கழுவி கேனத் தொறப்போம். கேனு இல்லாதவ பக்கத்து வூட்ல வாங்கியாருவா. ஊர்ல எல்லா வூட்லயும் அப்டிதான்."

"நாங்க உப்பு ஏறிச்சான்னு பாக்கத்தானே தண்ணி கேட்டோம்?"

தனம் என்னைப் பார்த்த பார்வையை எப்படிச் சொல்வேன். சிரிப்பும் கோபமும் சேர்ந்து வந்தது அவளுக்கு. "தாகத்துக்குத்தான் கேக்குறீங்கன்னு நெனச்சோம்! டெஸ்ட்டுக்குன்னு சொல்லியிருந்தா கெணத்துத் தண்ணிய மொண்டாந்து மூஞ்சிலயே ஊத்தியிருப்பேனே! குடிச்சிட்டு நல்லா கீதுன்னு சொல்லிட்டுப் பூடுவீங்க. கேன் கம்பெனிக்காரன் கேட்டா சந்தோசப்படுவான்னு நாங்க பேசிச் சிரிப்போம்."

பிறகு குரல் இறங்கிக் கேட்டாள். "அந்த பாயம்மா ஏன் வர்றதே இல்ல?"

சொன்னேன். உனக்கு வந்த நோயைச் சொன்னேன். உன்னை எடுத்துப்போன அன்று உன் வீட்டு வாசலில் நின்றதைச் சொன்னேன். தனம் கிணற்றுக் கல்லில் உட்கார்ந்துவிட்டாள். "நோம்பு தொறக்க பாட்டில்ல புடிச்சுக் குடுத்தேனே, அன்னிக்குக் கேன்ல அவ்ளோதான் இருந்துச்சு" என்றாள். அன்று அவள் வீட்டில் எதைக் குடித்தார்கள் என்று நான் கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியமும் இல்லை.

இதைத்தான் உன்னிடம் சொல்ல வெட்கமாக இருக்கிறது. அவள் நம்மேல் வைத்த பிரியத்தை நாம் சான்றாக எழுதிவைத்துக்கொண்டோம். அந்த ஊரில் பிறந்த எந்தப் பெண்ணும் விருந்தாளிக்கு உப்புத் தண்ணீர் கொடுக்க மாட்டாள். நீயும் மாட்டாய், நானும் மாட்டேன். என் வீட்டுக்கு அதிகாரி யாராவது வந்தால் இருப்பதில் நல்லதைத்தானே எடுத்துக் கொடுப்பேன்? அது நமக்குத் தெரியாத வழக்கமா என்ன? அலுவலக ஜீப்பிலிருந்து இறங்கியதும் நாம் பெண்கள் என்பதே நமக்கு மறந்துவிட்டது போலிருக்கிறது. கேன் தண்ணீருக்கென்று ஒரு சப்பென்ற ருசி உண்டு. ஏரித் தண்ணீர் குடித்த நாக்குக்கு அது தெரிந்திருக்க வேண்டும். தாகத்தில் தெரியவில்லை என்று சொல்லிப் பார்க்கிறேன். மனம் ஏற்கவில்லை.

இன்று காலை அதைக் கூட்டத்தில் சொன்னேன். அந்த ஊர்க் கிணறுகளைப் பார்க்காமல் கோடு போடக்கூடாது, நம் பழைய பதிவு தவறு, வீடுகளில் நமக்குக் கொடுத்தது கேன் தண்ணீர் என்றேன். தலைமையில் இருந்தவர் நல்ல மனிதர்தான். உன்னிடம் மரியாதை உள்ளவர்.

"அந்தம்மா பழைய ஆளு, நாக்க நம்பிட்டாங்க. பாவம், போயும் சேந்துட்டாங்க. இப்ப எதுக்குக் கெளறணும்? அந்தப் பாராவை மட்டும் எடுத்துடுங்க. மேப் அப்படியே இருக்கட்டும்" என்றார்.

எதிர்வரிசையில் ஒருவர், "பாயம்மா டெஸ்ட்ல பாயம்மாவே ஃபெயிலா?" என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

சங்கடத்தில் உதடு மட்டும் விரிந்தது என்று உன்னிடம் சாக்குச் சொல்ல மாட்டேன். சிரித்தேன். சத்தம் வந்தது. தவறு உன்னோடு போய்விட்டது, யாருக்கும் இனிக் கஷ்டமில்லை, எனக்கும் இல்லை என்று அந்த நிமிடம் உள்ளுக்குள் ஒரு நிம்மதி கூடப் பரவியது. அப்போதுதான் கேனைக் கவிழ்த்தார்கள். 'குளுக்.'

சத்தம் அடங்கியதும் என் குரல்தான் கேட்டது. "அவங்க தனியா போகல சார். நானும் கூட நின்னேன். அந்த ஊர்ல முதல் தடவை அவங்க நோன்பு. குடிச்சது நான். இனிக்குதுன்னு சொன்னதும் நான். பாராவ எடுத்துட்டு மேப்ப விட்டா எப்படி சார்? அந்தக் கோடே என் நாக்கு மேலதான் நிக்குது."

கிண்டல் செய்தவர் பேனாவை மூடித் திறந்துகொண்டிருந்தார். கடைசியில், "எழுத்துல குடுங்கம்மா" என்றார் தலைவர். அங்கேயே எழுதிக் கொடுத்தேன். கிணறுகளை இரண்டு துறைகளும் சேர்ந்து பார்க்கும்வரை அந்த ஊர்ப் பக்கத்து நிறத்தை வரைபடத்திலிருந்து எடுத்திருக்கிறார்கள். இப்போதைக்கு மட்டும்தான். உன் பத்தியும் போய்விட்டது. அதை என் கையாலேயே அடித்தேன். கோபித்துக்கொள்ளாதே.

மாலையில் தனத்திடம் சொல்லப் போனேன். கிணற்றைப் பார்க்க ஆட்கள் வருவார்கள், உள்ளதைக் காட்டு, உபசாரம் செய்யாதே என்று சொல்ல வேண்டியிருந்தது. ஜீப் சத்தம் கேட்டு வாசலுக்கே வந்துவிட்டாள், கையில் சொம்பு. நான் கை நீட்டியதும் சொம்பைப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

"டெஸ்ட்டா, தாகமா? அத்த மொதல்ல சொல்லு மேடம்."

"ரெண்டும் தனம்."

"அப்போ டெஸ்ட்ட நீயே போயி மொண்டுக்கோ. என் கையால அந்தத் தண்ணிய நான் குடுக்க மாட்டேன்."

இறைத்துக் குடித்தேன். உன்னைப் போலவே துப்பாமல் விழுங்கினேன். தனம் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றாள், ஏதோ அவள் தப்பு செய்துவிட்ட மாதிரி. வெட்கப்பட வேண்டியவள் நீ இல்லை என்று அவளிடம் சொல்ல நினைத்தேன். வாய் முழுவதும் உப்பு. சவுக்குத் தோப்புக்குப் பின்னால் வெயில் இறங்கிவிட்டிருந்தது. அந்த ஊரில் பள்ளிவாசல் பாங்கு கேட்காது. ஆனாலும் அவள், "பாயம்மா நோம்பு தொறக்குற நேரம்தானே இது?" என்று சொல்லிச் சொம்பை நீட்டினாள்.

குடித்தேன்.

"எப்டி கீது?" என்றாள். நீ கேட்ட அதே கேள்வி, அதே இடத்தில்.

"உன் தண்ணி நல்லா இருக்கு தனம். உன் கெணறு நல்லா இல்ல."

அன்று நீ கேட்டபோது நான் சொல்லியிருக்க வேண்டிய பதில் இதுதான். இனி எந்த வாசலில் யார் சொம்பை நீட்டினாலும், குடிப்பதற்கு முன்பே என் நாக்கில் அந்தப் பதில் வந்து நிற்கும்.