மருந்து வேலை செய்கிறதாம்

மார்ச் 4
நான்காவது டிரிப் ஏறி ஆறு நாள். முதுகு முழுக்கச் சிவப்புத் தடிப்பு. களிம்பு தடவியபடி அக்கா சொல்கிறாள், "மருந்து வேலை செய்யுதுன்னு அர்த்தம்டி." உடம்பின் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டி நுரையீரல் புற்றுக்கட்டியைக் கரைக்க வந்த மருந்து என் தோலைப் பிடுங்கித் தின்கிறது. அதற்கு நான் சந்தோஷப்பட வேண்டுமாம்!

மார்ச் 6
அரிப்பு. அரிப்பு. அரிப்பு.

மார்ச் 9
நீச்சல் குளத்தில் மேலாளர் கூப்பிட்டார். "தப்பா எடுத்துக்காதீங்க மாஸ்டர். ஒட்டிக்குமான்னு பிள்ளைங்களோட அம்மாங்க கேக்குறாங்க. கொஞ்ச நாள் வராதீங்க."

"இது ஒட்டாது சார். டாக்டர்கிட்ட கடிதம் வாங்கிட்டு வரேன்."

"எத்தனை பேருக்குக் காட்டுறது?"

பதினேழு வருஷமாக இங்கே நீச்சல் சொல்லித் தருகிறேன். அவர் மகளே என் கையைப் பிடித்துத்தான் மிதக்கக் கற்றாள். வாயில் வந்ததை முழுங்கிக்கொண்டு வந்துவிட்டேன். ஏன் முழுங்கினேன்?

மார்ச் 15
வாய்க்குள் புண். கையிலும் தொடையிலும் கொப்புளம். நாளை மறுநாள் அடுத்த டிரிப். போனில் நர்ஸ் கேட்டாள், "தோல் எப்படி இருக்கு?" "பரவாயில்ல" என்றேன். உண்மையைச் சொல்லி, மருந்தை நிறுத்திவிட்டால்?

மார்ச் 16
அக்கா எனக்குத் தெரியாமல் நர்ஸிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். கத்தினேன். "உன்னை யாரு கேட்டா? இது என் உடம்பு!"

"உன் உடம்புதான்டி. எரியுறது உனக்கு. பாத்துட்டு உக்காந்திருக்கிறது நான்."

கதவை அறைந்து சாத்தினேன்.

மார்ச் 17
டிரிப் நிறுத்தம். ஸ்டீராய்டு மாத்திரை. "இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தா தோல் உரிஞ்சு ஐசியூல கிடந்திருப்பீங்க" என்று டாக்டர் திட்டினார்.

"அரிச்சா சொல்லுங்கன்னீங்க. சொன்னா நிறுத்துவோம்னு சொன்னீங்களா? இனி கட்டி சும்மா இருக்குமா?"

ஸ்கேன் பார்த்துச் சொல்வாராம். அதுவரை நான் என்ன செய்ய — சுவரைப் பார்க்கவா?

ஏப்ரல் 2
அக்காவோடு பேசிப் பதினேழு நாள். வாய் திறக்காமல் வந்து களிம்பு தடவுகிறாள். நானும் வாய் திறக்காமல் முதுகைக் காட்டுகிறேன்.

ஏப்ரல் 20
கட்டி பாதியாகியிருக்கிறது. மருந்தை நிறுத்தியும் வளரவில்லை. டாக்டர் சிரித்தார். எனக்கு அழுகைதான் வந்தது, கோபத்தோடு. இனி மூன்று மாதத்துக்கு ஒரு ஸ்கேன். தோல் ஆறிவிட்டது, தண்ணீரில் இறங்கலாம் என்றார்.

மே 11
மேலாளரிடம் கேட்கவில்லை. நேராகப் போய் விசிலை எடுத்தேன். கையில் கறுத்த தழும்புகள்; மூடவில்லை. ஏழு பிள்ளைகளில் மூன்று பேரை அம்மாக்கள் கூட்டிப் போய்விட்டார்கள். போகட்டும். மீதி நாலு பேரோடு இறங்கினேன்.

வீட்டுக்கு வந்ததும் அக்காவோடு பெரிய சண்டை; மார்ச்சுக்குப் பிறகு முதல் பேச்சே அதுதான். தலையைத் துவட்டவில்லையாம். இருவரும் தொண்டை கட்டும் வரை கத்தினோம்.