நாற்பத்தோராவது பெட்டி

மார்ச் 11

குன்மிங்கில் இரண்டு நாளாகக் காற்று. மேசையெல்லாம் தூசி. என் ஆய்வுக் கட்டுரையை இதழில் ஏற்றுக்கொண்டுவிட்டார்கள் என்று அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. சொன்னால் ஒரு மணி நேரத்தில் எல்லா அத்தைகளுக்கும் போய்விடும். அச்சில் ஒரு கட்டுரை வராமல் எங்களுக்கு முனைவர் பட்டம் கிடையாது. மே மாதம் பட்டத்துக்கான வாய்மொழித் தேர்வு, செப்டம்பரில் இதே நிறுவனத்தில் வேலை. ஐந்து வருஷ உழைப்பு.

இன்னும் ஒரு படம் மட்டும் கேட்கிறார்கள், பூமியைத் துளைத்து எடுத்த கல் இருக்கும் நாற்பத்தோராவது பெட்டியின் படம். நாளைக்கு எடுக்கலாம்.

மார்ச் 12

கல்லை நக்கிப் பார்ப்பது எங்கள் தொழிலின் கெட்ட பழக்கம். ஈரமானால்தான் அதற்குள் இருப்பது தெரியும். ஆய்வுக்குப் பொடித்தது போகப் பெட்டியில் மிஞ்சியிருந்த கல் உருளைகளில் ஒன்றில் ஏதோ கோடு மாதிரி இருந்தது. நாக்கை வைத்தேன்.

வேர்கள். இருபத்தாறு கோடி வருஷத்துக்கு முந்தைய ஏதோ செடியின் வேர்கள், கறுப்பு நூல் போல. கிளைத்துக் கிளைத்து, மெலிந்து, மேலே போகின்றன. மேல் பக்கம் இது என்று நான் போட்ட சிவப்பு அம்பு காட்டும் திசையில்.

எந்த வேர் மேலே போகும்?

மார்ச் 13

எழுதிப் பார்த்தால் வேறு மாதிரி ஆகுமா?

எரிமலைகள் வெடித்தன. காற்றில் கரியமில வாயு ஏறிப் பூமிக்குக் காய்ச்சல் கண்டது. அந்தச் சூட்டில் பெய்த மழை எரிமலைப் பாறைகளையே அரித்தது. கரைந்த பாறை, காற்றிலிருந்த அந்த வாயுவையும் சேர்த்துக் கடலுக்கு இழுத்துப்போனது, பூமி குளிர்ந்தது. முதலில் வெடிப்பு, பிறகு பாறைச் சிதைவு. எல்லோரும் சொல்லும் வரிசை இதுதான்.

எங்கள் பெட்டியில் மட்டும் சிதைவின் தடயம் அடியில், எரிமலைச் சாம்பல் மேலே. அதாவது சிதைவே முதலில். அந்தப் புதுமைக்காகத்தான் கட்டுரையை எடுத்தார்கள்.

புதுமை ஒன்றும் இல்லை. மூன்று மீட்டர் கல் தலைகீழாக இருக்கிறது.

மார்ச் 14

அந்தக் கல்லை எடுத்த ஊரான சுவான்வெய்க்குப் போன் செய்தேன். துளை போட்ட காவ் அண்ணனுக்கு எல்லாம் ஞாபகம் இருக்கிறது.

"அன்னிக்குக் கொட்டுற மழை. கல் அடுக்கின தட்டைத் தூக்கிக் கொட்டகைக்குள்ள கொண்டு போனோம். வாசல் குறுகல், ஒரு சுத்துச் சுத்தித்தான் உள்ள வச்சோம். தூக்குறதுக்கு முன்னாடி அம்பு போட்டுடு தங்கச்சின்னேன். நீ என்ன சொன்ன?"

எனக்கும் ஞாபகம் வந்துவிட்டது. நூடுல்ஸ் ஆறிடும் அண்ணே, அப்புறம் போடறேன். சாப்பிட்டு வந்து, தட்டு திரும்பியது தெரியாமல் போட்டேன்.

"ஏன், ஏதாவது தப்பாயிடுச்சா?" என்றார். இல்லை என்றேன்.

மார்ச் 15

வேர் இருக்கும் துண்டு என் உள்ளங்கை அகலம்தான். அதையும் பொடித்துவிட்டால்?

மார்ச் 16

பொடிக்கவில்லை. இயந்திரத்தைப் போட்டுவிட்டு அதன் முன்னால் நின்றேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. சீ. நானா இது?

தன் காய்ச்சலைத் தணிக்கப் பூமி லட்சக்கணக்கான வருஷம் எடுத்துக்கொண்டது. நானோ வெள்ளிக்கிழமைக்குள் படம் அனுப்ப வேண்டும்.

மார்ச் 17

சொல்லிவிட்டேன்.

தாவ் டீச்சர் வெந்நீர்க் குடுவையைத் திறந்தவர் மூடவே இல்லை. என் வழிகாட்டி, கட்டுரையில் என் பெயருக்குப் பக்கத்தில் அவர் பெயர். இதை வைத்துத்தான் அடுத்த நான்கு வருஷத்துக்கான திட்டத்தையே வாங்கியிருக்கிறார்.

"இது வேற யாருக்குத் தெரியும்?"

காவ் அண்ணனுக்குப் பாதி தெரியும் என்றேன். துண்டை வாங்கி இழுப்பறையில் வைத்துப் பூட்டினார். "சரி, நீ போ."

ஏன் பூட்டினார்?

மார்ச் 18

கூப்பிடவில்லை.

மார்ச் 19

கூப்பிடவில்லை. உணவுக்கூடத்தில் எதிரே வந்தார், தட்டைப் பார்த்துக்கொண்டே போய்விட்டார். அவர் மறைத்துவிடுவார் என்று பயமாக இருக்கிறது. மறைத்துவிட்டால் நன்றாக இருக்குமே என்றும் இருக்கிறது. இரண்டாவதுதான் அதிகம் — இதை இங்கே மட்டும்தான் எழுத முடியும். வேலை போய்விடும். அம்மா என்ன செய்வாள்? நேற்று தெரியாமல் சொல்லித் தொலைத்துவிட்டேன், கட்டுரையை ஏற்றுக்கொண்டுவிட்டார்கள் என்று.

மார்ச் 20

கூப்பிட்டார். மேசைமேல் அந்தத் துண்டு, ஒரு பக்கம் ஈரமாக.

"நானும் மூணு நாளா நக்கிப் பார்த்துட்டேன்டி. வேர்தான், வேற எதுவும் இல்ல." பிறகு கணினித் திரையை என் பக்கம் திருப்பினார். கட்டுரையைத் திரும்பப் பெறும் கடிதம். "இங்கிலீஷ் சரியா இருக்கான்னு பாரு. தப்பு போட்டது நீ, பார்க்காம விட்டது நான். ரெண்டையும் எழுதியிருக்கேன்."

ஓரிடத்தில் முற்றுப்புள்ளி விடுபட்டிருந்தது. வைத்தேன். அதற்குப் பிறகுதான் அழுகை வந்தது.

மே 27

இன்று என் வகுப்பினர் பட்டமளிப்பு அங்கி போட்டுப் படம் எடுத்துக்கொண்டார்கள். படத்தை எடுத்துக் கொடுத்தது நான்.

அக்டோபர் 30, சுவான்வெய்

பழைய துளைக்கு இருபது மீட்டர் தள்ளிப் புதுத் துளை. மழை. செப்டம்பர் வேலைக்கு வேறு யாரோ சேர்ந்துவிட்டார்கள். அம்மா இன்னும் சரியாகப் பேசுவதில்லை.

மதியம் நாற்பத்தோராவது பெட்டியின் ஆழத்துக் கல் வந்தது. அடியில் சாம்பல், மேலே சிதைந்த செம்மண், வேர்கள் எல்லாம் கீழ் நோக்கி. ஊரறிந்த அதே வரிசை. யாரும் வியக்கப்போவதில்லை.

தட்டைத் தூக்க இரண்டு பேர் குனிந்தார்கள். காவ் அண்ணன் கையை நீட்டித் தடுத்துவிட்டு, சிவப்புப் பேனாவை என்னிடம் கொடுத்தார். மழையில் நின்று ஒவ்வொரு துண்டுக்கும் அம்பு போட்டேன். நாற்பத்தேழு துண்டு.

உள்ளே போனபோது நூடுல்ஸ் ஆறிப்போயிருந்தது. சாப்பிட்டேன்.