ஆமென் சொல்லாத காலை

கெவாலி,
வெள்ளிக்கிழமை.

கர்த்தருக்குள் அன்பான கணவர் மனாசேக்கு, நெஸ்டா ஸ்தோத்திரம் சொல்லி எழுதுவது.

நானும் பிள்ளைகளும் சுகம். சின்னவளுக்கு முன்பல் விழுந்துவிட்டது. ஆஸ்திரேலியாவில் தக்காளி பறித்துப் பறித்து இடுப்பு பிடித்துக்கொண்டது என்றீர்களே, தேங்காயெண்ணெயைச் சூடாக்கித் தேயுங்கள். போனில் பேசினால் திட்டிவிடுவேன். அதனால்தான் அங்கே வேலைக்கு வருகிற ஓசெயா கையில் இந்தக் கடிதம்.

மரம் வெட்டும் கம்பெனி செவ்வாய்க்கிழமை வந்தது. புல்டோசரை ஏற்றிய படகு விடியும்போதே கரையைத் தொட்டுவிட்டது. கடல் ஏறி நிற்கிற நாலைந்து மணி நேரத்துக்குள் இறக்கினால்தான் உண்டு. சபைப் பெண்கள் நாற்பது பேரும் துறையில் முழங்கால் போட்டோம். போதகர் பயந்துபோய், "வீட்லயே ஜெபிச்சா கர்த்தர் கேக்க மாட்டாரா?" என்றார். "கர்த்தருக்குக் கேக்கும் ஐயா, கம்பெனிக்குக் கேக்காதே" என்றேன்.

ஆமென் சொல்லும்வரை ஜெபத்தைத் தாண்டி நம் தீவுகளில் யாரும் போக மாட்டார்கள். அதனால் ஆமெனே சொல்வதில்லை என்று முடிவு செய்திருந்தோம். ஒருத்திக்கு மூச்சு வாங்கினால் அடுத்தவள் பிடித்துக்கொள்வாள். பெர்னிசா மாமி ஜெபம் தொடங்கினால் அடுப்பில் கிழங்கு கருகிவிடும் என்று கேலி செய்வீர்களே, அவர் ஒருவரே ஒரு மணி நேரம் தள்ளினார். ஜெபத்தில் ஆற்று இறாலைக்கூட விட்டுவைக்கவில்லை. புல்டோசர் ஓட்டுகிற ஆகாய் பக்கத்துத் தீவுச் சபைக்காரர். தொப்பியைக் கழற்றி எஞ்சினை நிறுத்திவிட்டார். மேலாளர் கத்தியதற்கு, "அவங்க ஆமென் சொல்லட்டும் சார், அப்புறம் எறக்குறேன்" என்றார்.

என் முறை வந்தபோது மேலாளர் ஒரு தாளை என் முகத்துக்கு நேரே ஆட்டினார். "மரம் வெட்டிக்கலாம்னு உன் புருஷனே கையெழுத்துப் போட்டிருக்கான். நீ யாருக்காகம்மா ஜெபம் பண்றே?" என்றார்.

உங்கள் கையெழுத்துதான். அது என் தாய்வழி நிலம். என்னைக் கேட்காமல் எழுதிக் கொடுத்துவிட்டு, எனக்கு முத்தமும் கொடுத்துவிட்டு விமானம் ஏறியிருக்கிறீர்கள்.

அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஜெபம் அறுந்தது. ஆகாய் தலையைத் தூக்கிப் பார்த்தார். அப்போது பெர்னிசா மாமி, "ஆண்டவரே, எங்க மனாசேயை மன்னியும்" என்று எடுத்தார். எல்லோரும் உங்களைச் சபிப்பார்கள் என்று நினைத்தேன். ஒருத்திகூடச் சபிக்கவில்லை. அத்தனை பேரும் உங்கள் பெயரைச் சொல்லிக் கதறினார்கள். அந்தச் சத்தத்தில் மேலாளர் பேசியது யார் காதிலும் விழவில்லை. கடல் இறங்கத் தொடங்கியது. தரைதட்டிவிடும் என்று படகைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்கள்.

அடுத்த பெரிய கடல் ஏற்றத்துக்கு மறுபடி வருவார்களாம். வரட்டும். எங்கள் முழங்கால் ஒன்றும் தேய்ந்துவிடவில்லை. இந்தத் தடவை ஆண்களும் வருகிறார்கள், போதகர் உட்பட.

கையெழுத்தைத் திரும்பப் பெறுகிறேன் என்று எழுதி, படம் பிடித்து, போதகர் போனுக்கு உடனே அனுப்புங்கள். சபை தினமும் உங்களுக்காக ஜெபிக்கிறது. நானும் நடுவில்தான் நிற்கிறேன். உங்கள் பெயர் வரும்போது என் உதடு அசைகிறது, சத்தம் வரவில்லை. அவர்கள் எனக்கும் சேர்த்துச் சொல்கிறார்கள். இன்னும் எத்தனை நாள் அவர்களையே சொல்ல வைப்பீர்கள்?

கர்த்தர் உங்கள் வலது கையைக் காப்பாராக.

உங்கள் மனைவி,
நெஸ்டா