மீதி வைத்த ஒரு வாய்

அன்புள்ள பேத்தி அரைப்படிக்குப் பாட்டி எழுதுவது. உன் அப்பனுடைய முழங்காலைத் தவிர இங்கே எல்லாம் நலம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் சளி இருமல் இல்லாமல் இருக்க வேண்டும்.

போனிலேயே பேசலாம்தான். பேசினால் நான் கத்துவேன், நீ அழுவாய், உன் அம்மா வந்து போனைப் பிடுங்குவாள். அதனால்தான் கடிதம். ஐந்தாவது வரை படித்த கை. பிழை இருந்தால் திருத்திப் படித்துக்கொள்.

குழந்தைக்கு முதல் சோறு ஊட்ட யாரும் வர வேண்டாம், பாட்டியும் மாமியாரும் ஒரே வீட்டில் இருந்தால் நடுவில் நிற்க என்னால் முடியாது, நாங்களே ஊட்டிக்கொள்கிறோம், டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள் என்று எழுதியிருக்கிறாய். திருப்பிக் கொடுக்கவில்லை. பெட்டியும் கட்டியாகிவிட்டது. உன் அப்பன் வந்து பெட்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "அம்மா, அவதான் வேண்டாங்கிறாளே" என்றான். "வேண்டாங்கிறவ உன் பொண்ணு, போறவ உன் அம்மா. ரெண்டு பேரையும் உன்னால ஒண்ணும் பண்ண முடியாது. போய் முழங்காலுக்குத் தைலம் தேய்" என்றேன்.

உன் மாமியார் மகனிடம் சொன்னதையும் எழுதியிருந்தாய். அந்த வீட்டில் நாலு நாள் இருந்தேன், அந்தப் பாட்டி ஒரு வேளைகூட என்னோடு உட்கார்ந்து சாப்பிடவில்லை, பக்கத்தில் நின்று என் வாயையே பார்த்தார், எங்கள் நாட்டில் வேண்டாத விருந்தாளியைத்தான் அப்படித் தனியாகச் சாப்பிட விடுவார்கள் என்று. அதைப் படித்ததும் எனக்கு வந்த கோபத்தில் உன் அம்மா அடுப்படிப் பக்கமே வரவில்லை.

எனக்கு எதுவும் மறக்காது என்று உனக்கே தெரியும். உன் கல்யாணமான மூன்றாம் மாதம், மாப்பிள்ளைக்கு லீவு கிடைக்காமல் நீதான் உன் மாமியாரை அழைத்து வந்தாய். வியாழக்கிழமை வந்தார், ஞாயிறு கிளம்பினார். வியாழன் மத்தியானம் தட்டின் இடது ஓரத்தில் ஒரு வாய் சோறு மீதி. ராத்திரி பாதி தோசை. வெள்ளி மத்தியானம் கத்தரிக்காய், அதுவும் காம்பை ஒட்டிய நல்ல துண்டு. நாலு நாளும் ஒரு வேளை தவறாமல் மீதி. போதாததற்கு அவர் போன பிறகு கட்டிலடியில் பெருக்கினால் மூன்று பிஸ்கட் உறை!

நான் முப்பத்தோரு வருஷம் ஆலை கேன்டீனில் சமைத்தவள். அங்கே எச்சில் வாளியைத்தான் மேனேஜர் முதலில் எட்டிப் பார்ப்பார். வாளி பாதிக்கு மேல் நிறைந்திருந்தால் சமையல் சரியில்லை என்று எல்லார் முன்னாலும் சொல்வார். தட்டில் மீதி இருந்தால் என் கன்னத்தில் அறைந்த மாதிரி. கடைசி ஆள் கை கழுவிய பிறகு தொட்டி ஓரம் நின்றபடியே சாப்பிட்டுப் பழகியவள் நான். உட்கார்ந்து சாப்பிடுகிற சமையல்காரியை நான் கண்டதே இல்லை.

அவர்கள் வீட்டில் வழக்கமே வேறு என்று நீ இப்போதுதான் எழுதுகிறாய். அப்போது நீயும் அந்த வீட்டுக்குப் புதுசு, உனக்கும் தெரியாது. சமைத்தவள் உட்கார்ந்து முதல் வாய் எடுத்தால்தான் விருந்தாளி மனதாரச் சாப்பிடுவாராம். கடைசியில் ஒரு வாய் மீதி வைத்தால், நீ எனக்கு வயிறு கொள்ளாமல் போட்டாய் என்று அர்த்தமாம். துடைத்துச் சாப்பிட்டால் வீட்டுக்காரி கஞ்சப்பிசினாரி என்று அர்த்தமாம். நெஞ்சில் கை வைத்தால் போதும், நன்றி என்று அர்த்தமாம். நான் என்ன கண்டேன்? ஒவ்வொரு வேளையும் நெஞ்சைத் தொடுகிறாரே, நம் சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் நெஞ்செரிச்சல் போலிருக்கிறது என்று சுக்குத்தண்ணீர் வைத்துக் கொடுத்தேன். நாலு நாளும் மறுக்காமல் குடித்தார், பாவம்.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகலாம். சிரிக்க முடியாத ஒன்று இருக்கிறது. உனக்கும் எனக்கும் மட்டும் தெரியும்.

ஞாயிறு காலை அவர் தட்டை எடுத்து, அவர் எதிரிலேயே வாளியில் தட்டிக் கொட்டினேன். "நாலு நாளா தெருநாய்க்குத்தான் விருந்து வைக்கிறேன்" என்றேன். என்ன சொல்கிறார் என்று அவர் உன்னைக் கேட்டார். நீ அவர் மொழியில் ஏதோ சொன்னாய். அவர் எழுந்து வந்து நெஞ்சில் கை வைத்து, என்னைப் பார்த்துத் தலை குனிந்தார். வாசலில் ஆட்டோ வந்த பிறகு, என்னடி சொன்னே என்று உன்னைக் கேட்டேன். "வயிறு நிறைஞ்சுதான்னு கேக்குறாங்கன்னு சொன்னேன் பாட்டி" என்றாய். சாமர்த்தியம்தான் என்று அன்றைக்கு நினைத்தேன். உன் கடிதம் வந்ததிலிருந்து அந்தக் குனிந்த தலைதான் கண்ணுக்குள் நிற்கிறது. ஏசினவளுக்கு அந்த அம்மா நன்றி சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

அதனால் ஒரு முடிவு எடுத்தேன். இருபது நாளாக இந்த வீட்டில் எல்லாரோடும் மேஜையில் உட்கார்ந்து சாப்பிடுகிறேன். முதல் நாள் ஆறு தடவை எழுந்தேன். உன் அம்மா, "அத்தை, உக்காருங்க, குழம்பு எங்கேயும் ஓடிப்போகாது" என்று என் தோளை அமுக்கினாள். அவளுடைய அண்ணன் கல்யாணப் பந்தியில் எனக்கு அப்பளம் வைக்காமல் போனதை நான் இன்னும் மறக்கவில்லை. இருந்தாலும் அன்றைக்கு அவள் செய்தது நல்ல காரியம். எனக்கு நாற்பது வருஷமாகத் தெரியாத ஒன்று தெரிந்தது. குழம்பு சூடாக இருக்கும்போது நன்றாகவே இருக்கிறது.

மீதி வைப்பதுதான் முடியவில்லை. விரல் தானாகப் போய் வழித்துவிடுகிறது. போன செவ்வாய் பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு வாய் விட்டு எழுந்தேன். உன் அப்பன் பயந்து, உடம்பு சரியில்லையா என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தான். எல்லாரும் போனதும் அந்த ஒரு வாயை எடுத்துச் சாப்பிட்டுவிட்டேன். அங்கே வருவதற்குள் பழகிவிடுவேன்.

வருகிற பதினெட்டாம் தேதி மத்தியானம் விமானம் இறங்குகிறது. மாப்பிள்ளையை அனுப்பு. உன் மாமியாருக்கும் இன்றைக்கே போன் போட்டு வரச் சொல். நீ நடுவில் நிற்க வேண்டாம், உட்கார். அவருக்குப் பக்கத்து நாற்காலியை எனக்குப் போடு. நான் முதல் வாய் எடுக்கிறேன். பிறகு, அன்றைக்கு நான் சொன்னதை நானே சொல்வேன். இந்தத் தடவை வார்த்தை மாறாமல் அவருக்குச் சொல். அவர் எழுந்து போனால் போகட்டும், அந்த உரிமை அவருக்கு இருக்கிறது. அடுத்த வேளையும் அந்த நாற்காலியில்தான் உட்கார்ந்திருப்பேன். பிஸ்கட் விஷயத்தை மட்டும் நான் எடுக்க மாட்டேன். மறந்துவிட்டேன் என்று அர்த்தமில்லை.

குழந்தைக்கு முதல் வாயை அவரே ஊட்டட்டும். மூத்தவள் கையால்தான் ஊட்ட வேண்டும் என்பது நம் வீட்டு வழக்கம். உன் அப்பனுக்கு என் மாமியார், உனக்கு நான். அவருக்கு என்னைவிட எட்டு வயது குறைவுதான், அது எனக்குத் தெரியும். இருந்தாலும் அவரே ஊட்டட்டும், ஸ்பூனோ கையோ, அவர் இஷ்டம். அவர்கள் வழக்கப்படி கிண்ணத்தில் ஒரு வாய் மீதி வைப்பார் அல்லவா? அதை மட்டும் யாரும் எடுத்துக் கொட்டிவிடாதீர்கள். அந்த ஒரு வாயை வழித்து நான் ஊட்டுகிறேன்.

வேளைக்குச் சாப்பிடு. குழந்தையை இறுக்கி ஒரு முத்தம் கொடு, என்னுடையது என்று சொல்லிக் கொடு. எல்லாரும் ஒரே மேஜையில் உட்காரும் காலம் உன் வீட்டில் நிலைக்கட்டும்.

இப்படிக்கு,
பெட்டியைக் கட்டி வைத்திருக்கும்
உன் பாட்டி